வேரை அறிந்தால் மலரைக் காணலாம்

நம் குடும்பங்களில் "கைராசி" என்று ஒரு சொல் வெகுகாலமாக வழங்கி வருகிறது. ஒருவர் நட்ட முருங்கைக் கொம்பு மறுமாதமே துளிர்த்துவிடுகிறது. இன்னொருவர் வைத்த ரோஜாப் பதியன் மறுமாதமே பட்டுப்போகிறது. முன்னவர் கைராசிக்காரர், பின்னவர் ராசியில்லாதவர் என்று வீட்டுப் பெரியவர்கள் உடனே தீர்ப்பளித்து விடுகிறார்கள். இந்தத் தீர்ப்பில் ஒரு சௌகரியம் உண்டு; செடி ஏன் பட்டது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. ஓர் அசௌகரியமும் உண்டு. அடுத்து வாங்கும் செடியும் அதே காரணத்தால் பட்டுப்போகும்.

இந்தக் கைராசித் தீர்ப்புக்கு இந்நாளில் மிகுதியாகப் பலியாவது ஓர் அழகிய பூஞ்செடி. நகரத்துப் பூக்கடைகளிலும் நாற்றுப் பண்ணைகளிலும் அதைப் பலரும் கண்டிருப்பார்கள். தடித்து அகன்ற நாலைந்து பச்சை இலைகள். இலைகளின் இடுக்கிலிருந்து எழுந்து வில்லாக வளையும் ஒரு தண்டு. அத்தண்டின்மீது சிறகு விரித்த பூச்சிகள் வரிசையாக வந்து அமர்ந்தாற்போல எட்டுப் பத்துப் பூக்கள். தூய வெள்ளையும் உண்டு. ஊதாவும், மஞ்சளும், இளஞ்சிவப்பில் கோடிட்டவையும் உண்டு. தாவர நூலார் இதனைப் 'பெலனாப்ஸிஸ்' என்பர். அந்துப்பூச்சியை ஒத்தது என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். நாம் இதனை அந்துப்பூச்சி ஆர்க்கிட் என்று அழைப்போம்.

பிறந்த நாளுக்கோ கிருகப்பிரவேசத்துக்கோ பரிசாக இச்செடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. முதல் இரண்டு மாதம் அதற்கு ராஜோபசாரம்தான். கூடத்து நடுமேஜையில் ஆசனம். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டே உட்காருகிறார்கள். மூன்றாம் மாதம் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நான்காம் மாதம் இலைகள் துவண்டு சுருங்குகின்றன. ஐந்தாம் மாதம் செடி, சட்டியோடு, குப்பைக்காரர் வண்டியில் ஏறுகிறது. "தினந்தோறும் மறவாமல் தண்ணீர் விட்டேனே, அப்படியும் போய்விட்டதே!" என்று வீட்டு அம்மாள் வருத்தத்துடன் சொல்கிறாள். அந்த வாக்கியத்திலேயே நோயின் காரணம் அடங்கியிருக்கிறது. "அப்படியும்" என்ற சொல்லை நீக்கிவிட்டு, "அதனால்" என்று போட்டுக்கொண்டால் போதும்.

இச்செடி பெரும்பாலும் கவனக் குறைவால் சாவதில்லை. கவனம் மிகுந்து, ஆனால் இடம் தவறிச் செலுத்தப்படுவதால் சாகிறது. நாம் அதன் பூவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், வேரைப் பார்ப்பதில்லை. இந்த ஆர்க்கிடைப் பொறுத்தவரை, வேரின் சுபாவத்தை அறிந்தவருக்கு மற்றவை யாவும் எளிது.

மண்ணைக் காணாத வேர்

வேரின் தொழில் யாது என்று வகுப்பறையில் கேட்டால், "மண்ணைப் பற்றிக்கொள்வது, நீரை உறிஞ்சுவது" என்று மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். தன் ஆயுளில் மண்ணையே காணாத வேர் ஒன்று உண்டு என்று சொன்னால் அவர்கள் விழிப்பது இயல்பே. அந்துப்பூச்சி ஆர்க்கிட்டின் வேர் அத்தகையது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய தீவுகளின் மழைக்காடுகளில், உயர்ந்த மரங்களின் கிளைகளிலும் அடிமரத்திலும் தொற்றிக்கொண்டு இது வாழ்கிறது. மரத்தின்மீது வாழ்வதால் இதைப் புல்லுருவி என்று எண்ணிவிடக் கூடாது. புல்லுருவி தன் வேரை மரத்துக்குள் பாய்ச்சி அதன் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட்டோ மரத்தில் குடியிருக்கிறதே தவிர, மரத்தின் உணவில் பங்கு கேட்பதில்லை. மழைநீரும், பனியும், கிளையிடுக்குகளில் சேரும் சருகின் சத்துமே அதன் ஆகாரம்.

வெப்ப மண்டலக் காட்டில் மழை வரும்போது பேய்மழையாக வரும். வேர்கள் சில நிமிஷங்களில் நன்றாக நனைந்துவிடும். மழை நின்றதும் காற்று வீசி அவற்றை உலர்த்திவிடும். இவ்விதம் நனைவதும் உலர்வதுமாகவே காலம் கழிப்பதற்கு ஏற்றபடி அந்த வேர் அமைந்திருக்கிறது. அதன்மேல் பஞ்சு போன்ற ஒரு போர்வை உண்டு. அதற்கு 'வெலமன்' என்று பெயர். உயிரற்ற வெற்றுக் கண்ணறைகளால் ஆன இந்தப் போர்வை, உலர்ந்திருக்கையில் காற்று நிறைந்து வெள்ளிபோல் வெளுத்துத் தோன்றும். நீர் பட்டதும் அதை உறிஞ்சி ஒளி ஊடுருவுவதாக மாறும்; அப்போது உள்ளேயிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். ஆம், இந்த வேர்களுக்குள்ளும் பச்சையம் உண்டு.

இத்தகைய வேரை எந்நேரமும் ஈரமான சட்டிக்குள் அடைத்துவைத்தால் என்ன ஆகும்? காற்று நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீர் நின்றுவிடுகிறது. பிராணவாயு கிடைக்காமல் வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேர் அழுகுகிறது. வேர் அழுகிய பிறகு செடிக்கு நீர் ஏறுவதில்லை, இலைகள் துவளுகின்றன. துவண்ட இலையைக் கண்டு நாம் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் விடுகிறோம். எஞ்சிய இரண்டொரு வேரும் அதனால் போய்விடுகின்றன. நீருக்கு நடுவே இருந்துகொண்டு தாகத்தால் இறக்கும் இந்தப் பரிதாபம் ஒவ்வொரு நகரத்திலும் எத்தனையோ வீடுகளில் நிகழ்கிறது.

பெயர் சொன்ன புத்திமதி

இந்தப் பிழையைச் செய்வோர் நம்மவர் மட்டும் அல்லர். ஸ்வீடன் தேசத்துத் தாவர நூலாசிரியர் லின்னேயஸ், இந்த வகையில் ஒரு செடிக்கு 1753-ஆம் ஆண்டில் 'எபிடெண்ட்ரம் அமபிலே' என்று பெயரிட்டார். மரத்தின்மேல் வாழ்வது என்பது 'எபிடெண்ட்ரம்' என்பதன் பொருள். அன்புக்குரியது என்பது 'அமபிலே' என்பதன் பொருள். பின்னர், ஜாவாத் தீவில் ஆராய்ச்சி செய்த புளூமே என்பவர் 1825-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துப் பெலனாப்ஸிஸ் என்று பெயர் சூட்டினார். பழைய பெயர் செடி வாழும் இடத்தைச் சொல்லிற்று. புதிய பெயர் பூவின் தோற்றத்தைச் சொல்லுகிறது. வளர்ப்பவர்கள் இரண்டாவதை நினைவில் வைத்து முதலாவதை மறந்துவிட்டார்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வர்களிடையே ஆர்க்கிட் மோகம் தலைவிரித்தாடிற்று. வெப்ப நாட்டுச் செடி என்ற ஒன்றையே கருதி, கண்ணாடி வீடுகளை இறுக மூடி, அடுப்புக் கொளுத்தி, ஆவி நிரப்பி, காட்டிலிருந்து பறித்து வந்த செடிகளை அவற்றுள் அடைத்தார்கள். ஆயிரக்கணக்கான செடிகள் அங்கே மடிந்தன. சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்ட அதிகாரியாக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் போன்றோர், காற்றோட்டத்தை அனுமதித்து, அந்தந்தச் செடியின் சொந்த இடத்துக்கேற்ப வெப்பத்தைக் குறைத்து அமைத்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. அவர்களுக்கு அன்று குறைவாக இருந்தது பணமும் அல்ல, அன்பும் அல்ல; காற்று ஒன்றுதான்.

அக்காலத்தில் சீமான்களுக்கே உரியதாயிருந்த இம்மலர் இன்று நடுத்தரக் குடும்பத்தின் மேஜைக்கு வந்ததற்கும் காரணம் அறிவின் வளர்ச்சியே. ஆர்க்கிட்டின் விதை தூசியைவிட மெல்லியது. முளைக்கத் தேவையான உணவு அதனுள் இல்லை. காட்டிலே ஒருவகைப் பூஞ்சணத்தின் துணைகொண்டே அது முளைக்கிறது என்று பிரான்ஸ் நாட்டு நோயல் பெர்னார்ட் 1899-இல் கண்டார். அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் நட்ஸன் 1922-இல், சர்க்கரையும் தாது உப்புக்களும் சேர்த்த கூழில், பூஞ்சணத்தின் உதவியின்றியே விதைகளை முளைக்கச் செய்து காட்டினார். 1960-இல் ஜார்ஜ் மொரெல், சிம்பிடியம் என்னும் ஆர்க்கிட்டின் குருத்து நுனித் துணுக்கிலிருந்து அதே செடியைப் பல்கிப் பெருகச் செய்யும் வழியை வெளியிட்டார். இவற்றின் பயனாக இன்று தைவானிலும் ஹாலந்திலும் அந்துப்பூச்சி ஆர்க்கிட் லட்சக்கணக்கில் வளர்க்கப்படுகிறது.

ஆயினும் ஒன்றை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். விதையிலிருந்து முதல் பூ வரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகள் யாரோ பேணி வளர்த்த ஒரு ஜீவனை நாம் ஐந்தே மாதங்களில் குப்பையில் எறிகிறோம். நன்கு பேணினால் அது பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்ந்து, ஆண்டுதோறும் பூக்கக் கூடியது.

வாங்கி வந்தவுடன் செய்ய வேண்டியது

செடி வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தை. கடையில் பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். பல கிண்ணங்களுக்கு அடியில் துவாரம் இராது. விட்ட நீர் அங்கே தேங்கிக் கிடக்கும். ஆகவே உட்சட்டியைத் தனியே எடுத்து, அதன் அடியிலும் பக்கங்களிலும் துவாரங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அழகுக் கிண்ணம் வேண்டுமானால், நீர் முற்றிலும் வடிந்த பிறகே உட்சட்டியை அதனுள் வைக்கலாம்.

உட்சட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் மிகவும் நல்லது. வேர்களின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம் அல்லவா? தண்ணீர் விடும் நாளை அறிய நாட்காட்டியும் வேண்டாம், சோதிடமும் வேண்டாம். வேர் வெள்ளிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் விடுங்கள். பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். சட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. நனைந்த சட்டி கனக்கும். உலர்ந்த சட்டி வியக்கத்தக்க அளவு இலேசாக இருக்கும். ஒரு வாரம் இப்படித் தூக்கிப் பார்த்த பத்து வயதுக் குழந்தைகூட இதில் நிபுணனாகிவிடும்.

சட்டிக்குள் சாதாரணத் தோட்ட மண்ணையோ செம்மண்ணையோ ஒருபோதும் போடலாகாது. சாணியெருவும் வேண்டாம். மரக்கரித் துண்டுகள், தேங்காய் மட்டைத் துண்டுகள், உடைந்த ஓட்டுச் சில்லுகள் ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. மரப்பட்டைத் துண்டுகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. சுண்டுவிரல் நுனி அளவுக்கு இவற்றை உடைத்துக் கலந்தால், நீர் உடனே வடியும், காற்றும் உள்ளே உலாவும். தேங்காய் மட்டையில் உப்புச் சேர்ந்திருக்கும். ஆகையால் அதை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே உபயோகிக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரும் செடிகள் சிலவற்றில் வேரைச் சுற்றிப் பாசியை இறுகத் திணித்திருப்பார்கள். வெளியே உலர்ந்து தோன்றினாலும் அதன் நடுப்பகுதி பல நாள் ஈரமாகவே இருக்கும். பூ முடிந்த பிறகு அந்தப் பாசியை நீக்கிவிட்டுக் கரியும் மட்டையும் கலந்த கலவைக்கு மாற்றிவிடுதல் நலம்.

நீரும் வெளிச்சமும் உணவும்

தண்ணீர் விடுவது எப்போதும் காலையில் இருக்கட்டும். தினம் ஒரு டம்ளர் என்று தெளிப்பதைவிட, வேர் வெளுத்த பிறகு சட்டியை ஒரு வாளி நீரில் பத்து நிமிஷம் அமிழ்த்தி எடுத்து, நன்றாக வடியவிடுவதே மேல். காட்டு மழையை நாம் வீட்டில் பெய்விப்பது இப்படித்தான். கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறையும், மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையும் இது தேவைப்படலாம். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது வேரின் நிறமே. மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்கிணற்று நீர் வேர்களின்மேல் வெள்ளைப் பொருக்கை உண்டாக்கும்.

இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டில் இச்செடி மரத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து தொங்குகிறது. மழைநீர் குருத்தில் நில்லாமல் வழிந்துவிடும். நாமோ அதைச் சட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். குருத்தில் இரவெல்லாம் நீர் நின்றால் அது அழுகும். இந்தச் செடிக்குக் குருத்து ஒன்றே ஒன்றுதான். வாழைக்குப் பக்கக் கன்று வருவதுபோல இதற்குச் சுலபமாக வந்துவிடாது. தவறி நீர் தேங்கினால் ஒரு துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி இலையே பேசும். மிகக் கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் படர்ந்தோ சிவந்தோ இருந்தால் வெயில் அதிகம். தெளிந்த இளம்பச்சையே நலத்தின் அறிகுறி. கிழக்குப் பார்த்த ஜன்னலே இதற்கு உத்தமமான இடம். காலை இளவெயில் சிறிது பட்டால் நல்லது. உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் இலையைப் பொசுக்கிவிடும்; அங்கே மெல்லிய திரைச்சீலை வேண்டும். செடிக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். இலையின்மேல் விழும் நிழல் விளிம்பு மங்கலாக, ஆனால் கையென்று தெரியும்படி இருந்தால், வெளிச்சம் சரி. நிழலே விழாவிட்டால் போதாது; கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக விழுந்தால் அதிகம்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் கரியமில வாயுவை உட்கொள்வதற்காகப் பகலில் இலைத் துளைகளைத் திறக்கின்றன. அந்துப்பூச்சி ஆர்க்கிட்டோ வெயிலில் ஈரம் விரயமாகாதபடி பகலில் துளைகளை மூடி வைத்து, இரவிலே திறந்து வாயுவைச் சேமித்துக்கொள்கிறது. மரக்கிளையில் நீருக்கு உத்தரவாதம் இல்லாமல் வாழும் செடிக்கு இச்சிக்கனம் அவசியம் அன்றோ?

உணவு சொற்பமாகவே தேவை. ஆர்க்கிட்டுக்கென்று விற்கும் உர உப்பை, பொட்டலத்தில் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்கு மட்டும் நீரில் கரைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஏற்கெனவே நனைந்த வேருக்கு விட வேண்டும். மாதம் ஒரு முறை வெறும் நீரால் கலவையை நன்கு அலசிவிட்டால் தேங்கிய உப்புக்கள் வெளியேறும். பட்டினியால் இச்செடி சீக்கிரம் சாவதில்லை. அளவுக்கு மீறிய உரத்தால் வேர் கருகிவிடும்.

மறுமுறை பூப்பது எப்போது?

பூக்கள் உதிர்ந்ததும் செடியின் ஆயுள் முடிந்தது என்று கருதுவதே அதற்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி. மாம்பழக் காலம் முடிந்ததும் மாமரத்தை யாராவது வெட்டுகிறார்களா? உதிர்ந்த பிறகு செடி ஓய்வெடுத்து, புது இலையும் புது வேரும் விடுகிறது. தண்டு பசுமையாகவும் செடி வலுவாகவும் இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு மேலே நறுக்கிவிடலாம். அக்கணுவிலிருந்து சில சமயம் ஒரு கிளைத்தண்டு எழுந்து மீண்டும் பூக்கும். செடி நலிந்திருந்தால் தண்டை அடியோடு நறுக்கி, அதன் பலத்தை இலைக்கும் வேருக்கும் விட்டுவிடுவதே தர்மம். கத்தரியைத் தீயில் காட்டி ஆறவைத்த பிறகே உபயோகியுங்கள். ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குப் பரவுவது பெரும்பாலும் கருவிகளால்தான்.

பூந்தண்டு புறப்படுவதற்குச் செடி எதிர்பார்ப்பது குளிர்ச்சி. வெப்பம் தொடர்ந்து சென்டிகிரேட் 28 டிகிரிக்கு மேலே இருந்தால் தண்டு எழுவது தடைப்படும். பெரிய பண்ணைகளில் வேண்டிய காலம் வரை பூக்காமல் வைத்திருக்க இந்த உபாயத்தையே கையாளுகிறார்கள். பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியும், இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் சில வாரங்கள் இருந்தால் தண்டு தலைகாட்டும். ஆகையால் பெங்களூர், கோயம்புத்தூர் போன்ற இதமான ஊர்களில் இருப்போருக்கு இது எளிது. சென்னை, மதுரை முதலிய சமவெளி ஊர்களில் இருப்போர் மார்கழி, தை மாதங்களைத் தவறவிடலாகாது. அந்த மாதங்களில் செடியை இரவில் திறந்த ஜன்னலோரம், குளிர்காற்று படும்படி வைத்தால், தண்டு எழுந்து பங்குனி, சித்திரையில் பூக்களைக் காணலாம்.

எழுவது வேரா தண்டா என்று ஐயம் வருவது சகஜம். வேரின் நுனி உருண்டையாய்ப் பளபளவென்று இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாய், மடித்த விரல்களைப்போல் அடுக்காகக் காணும். சட்டிக்கு வெளியே நீளும் வேர்களைக் கண்டு அருவருத்து வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவை காற்றிலே வாழப் பிறந்தவை. அவற்றை வெட்டவும் வேண்டாம், வலிந்து உள்ளே திணிக்கவும் வேண்டாம்.

மொட்டு வந்த பிறகு செடியை இடம் மாற்றித் திருப்பிக்கொண்டே இருந்தால் மொட்டுக்கள் மஞ்சளித்து உதிரும். குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே படுவதும் ஆகாது. அது வறண்ட காற்று. பழக்கூடைக்கு அருகிலும் வைக்கலாகாது. பழுக்கும் வாழையும் மாம்பழமும் 'எதிலீன்' என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது பூக்களை விரைவில் வாடச் செய்யும். புகையிலும் அவ்வாயு உண்டு. ஆதலால் சாம்பிராணித் தட்டுக்கும் ஆர்க்கிட்டுக்கும் சற்றுத் தூரம் இருப்பதே நல்லது.

நோயும் மருந்தும்

இலையடியில் பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் மாவுப்பூச்சிதான் முக்கியமான பகை. மருந்துக் கடைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒரு முறை மீண்டும் பார்த்து வந்தால் அது ஒழியும். இலையில் நீர்கோத்தாற்போல் மெத்தென்ற கறுப்புப் புள்ளி கண்டால் அது அழுகல் நோய். நோய்ப்பட்ட பகுதியை நல்ல இலையோடு சிறிது சேர்த்து நறுக்கி எறிந்து, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவி, இரண்டு நாள் நீர் படாமல் காக்க வேண்டும். அத்தூள் ஈரத்தை உறிஞ்சுவதால் நல்ல வேரின்மேல் அதைப் போடக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, பூக்காத காலத்தில், கலவையைப் புதுப்பிக்க வேண்டும். செடியை நீரில் ஊறவைத்து மெல்ல வெளியே எடுங்கள். விரலால் நசுக்கினால் கூடாகக் குழையும் பழுப்பு வேர்களை நறுக்கிவிடுங்கள். கெட்டியாக இருப்பவை யாவும் உயிருள்ளவை. வேர்க்கொத்துக்கு அளவான சட்டியே போதும். பெரிய சட்டி பெரிய ஈரம். இலையடி கலவையின் மட்டத்துக்கு வரும்படி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து நீர் விட ஆரம்பியுங்கள்.

வீட்டில் குழந்தைகளும் பூனை, நாய்களும் இருப்போர் அச்சப்பட வேண்டாம். இச்செடி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சன்று என்று விலங்கு மருத்துவ அறிஞர்கள் கூறுகின்றனர். கல்லுப்பு அளவுகூட மண் சிந்தாத செடியாதலால் அடுக்குமாடி வீட்டுக்கும் இது பொருத்தமானதே.

நம் காட்டுச் சொந்தக்காரர்கள்

அந்துப்பூச்சி ஆர்க்கிட் முழுவதும் அயல்நாட்டு விருந்தாளி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தோனேசியர் அதன் வெண்ணிற இனத்தை 'நிலா ஆர்க்கிட்' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, 1993-இல் தம் தேசிய மலர்களுள் ஒன்றாக அறிவித்துப் பெருமைப்படுத்தினார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த சில சிற்றினங்கள் நம் அஸ்ஸாம், சிக்கிம் பகுதிகளின் காடுகளிலும் பூக்கின்றன. 'டெலிசியோஸா' என்னும் சின்னஞ்சிறு இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட உண்டு. நம் ஊர் மாமரங்களில் தொற்றிப் பூக்கும் 'வாண்டா' என்னும் ஆர்க்கிட்டின் பெயரே வடமொழியிலிருந்து மேல்நாட்டார் எடுத்துக்கொண்டது. ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்காவும், சிக்கிமில் பாக்யோங் என்னும் ஊரில் ஆர்க்கிட்டுகளுக்கான தேசிய ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு ஏற்காடு செல்லும் குடும்பத்தார் ஏரியில் படகு விடுவதோடு நின்றுவிடாமல், ஆர்க்கிட்டுகள் எப்படி வாழ்கின்றன என்பதையும் குழந்தைகளுக்குக் காட்டி வரலாம்.

ஆனால் மலைப்பாதைகளில் யாரேனும் காட்டு ஆர்க்கிட்டைப் பிடுங்கிக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. காட்டிலிருந்து பிடுங்கிய செடி நம் வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. காட்டிலும் அந்த இடம் வெறுமையாகிறது. பண்ணையில் வளர்ந்த செடியோ வீட்டு வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியது; அதன் விலையும் ஆண்டுக்கு ஆண்டு நம் வசத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் சகோதரிகள் சிலர் வீட்டு மூலையில், பூவெல்லாம் உதிர்ந்து, இலை துவண்டு, "எறியலாமா வேண்டாமா" என்ற விசாரணையில் ஓர் அந்துப்பூச்சி ஆர்க்கிட் இன்றும் நிற்கக் கூடும். தீர்ப்புச் சொல்லுமுன் அதைச் சட்டியிலிருந்து மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். நசுங்காத கெட்டியான வேர் இரண்டே இரண்டு இருந்தாலும் போதும். அழுகியவற்றை நறுக்கி, கரியும் மட்டையும் நிரம்பிய சிறு சட்டியில் வைத்து, கிழக்கு ஜன்னலில் இடம் கொடுங்கள். முதல் ஆறு மாதம் அது பூவைத் தராது. ஒரு புது வேரைத் தரும். பச்சை நுனியுடன் அந்த வேர் வெளியே தலைநீட்டும் நாளில், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பூ பின்னால் தானே வரும்.